தலைவர் வீட்டு ரோஜா காணவில்லை

தடயம் விடாத குற்றவாளி இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அப்படியே ஒருவன் பிறந்து வளர்ந்து, தன் முதல் குற்றத்தைத் தடயமில்லாமல் செய்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாலும், அவன் தோள்மேல் ஒரு கை வந்து விழும். அந்தக் கை நிபுணருடைய கையாக இருக்கும்.

இதைச் சொன்னவரும் நிபுணர்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடலை ஒட்டிய ஒரு பங்களாத் தோட்டத்தில், ரோஜாப் பாத்தியின் நட்டநடுவில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

"அத்தான், எரு மேல நிக்கிறீங்க" என்றாள் குண்டூசி.

நிபுணர் நகரவில்லை. நகர்ந்தால் தெரியாமல் நின்றதாக ஆகிவிடும். "தெரிஞ்சுதான் நிக்கிறேன். மண்ணோட தன்மையைப் பாக்கணும்."

"ஷூவுக்குள்ள கொஞ்சம் போயிருக்கும். வீட்டுக்குப் போய் நிதானமாப் பாத்துக்கலாம், வாங்க."

'குற்றப் புலனாய்வு நிபுணர்' என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்ததால் ஊரார் அவரை நிபுணர் என்றே அழைத்தார்கள். சிலர் சிரிக்காமலும் அழைத்தார்கள். குண்டூசி அவர் மனைவியின் தங்கை. நாற்பத்திரண்டு வயது. டெலிபோன் ஆபீஸின் புகார்ப் பிரிவில் இருபது வருடம் ஊரார் போட்ட சத்தத்தையெல்லாம் கேட்டு முடித்தவள். ஒல்லி. அவள் குத்தினால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலிக்கும். அவளை உதவியாளராக அனுப்பிவைத்தது அக்கா. அத்தானுக்கு உதவி செய்யவா, அத்தான்மேல் ஒரு கண் வைக்கவா என்று அக்கா தெளிவாகச் சொல்லவில்லை.

வழக்கைக் கொடுத்தவர் வராந்தாப் படியிறங்கி வந்தார். துறைமுகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாகக் கடலோர ரோஜா சங்கத்துக்குத் தலைவர். வீட்டில் இருப்பவர்களும் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள். நாற்காலியைக் கண்டால் அவர் உட்காருவதில்லை, பொறுப்பேற்பார்.

"இதுதான் இடம்" என்றார் தலைவர், கப்பல் வருகையை அறிவிக்கும் குரலில். "ஒன்பது வருஷ உழைப்பு. நானே மகரந்தம் சேத்து, நானே விதை போட்டு, நானே பேர் வெச்ச ஹைபிரிட் டீ ரோஜா. ஒரு தண்டுக்கு ஒரே பூ. உள்ள வெண்ணெய் நிறம், ஓரத்துல சிவப்பு. வாசனை மதில் தாண்டி ரோட்டுக்குப் போகும். உலகத்துலேயே இது ஒண்ணுதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இருந்துச்சு."

கடலோரத்தில் அப்படி ஒரு ரோஜாவை வளர்ப்பது லேசான காரியமில்லை. உப்புக் காற்று மொட்டைக் கருக்கும், இலை ஓரத்தைச் சுடும், மணல் தண்ணீரை நிறுத்தி வைக்காது. இத்தனையையும் மீறி வாசனை தந்த ஒரே செடி அது. இப்போது அந்தப் பாத்தியில் நின்ற செடியில் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளைப் பூக்கள், கொத்துக் கொத்தாக. நிபுணர் குனிந்து ஆழமாக முகர்ந்தார். எரு வாசனைதான் வந்தது. அது அவரிடமிருந்தே வந்தது.

"இது என் செடி இல்ல" என்றார் தலைவர். "என் செடியைத் தோண்டி எடுத்துட்டு, இந்தக் காட்டுச் செடியை நட்டுட்டுப் போயிருக்கான். யாருன்னும் எனக்குத் தெரியும்."

மதிலோரம் குழாயைப் பிடித்தபடி நின்ற தோட்டக்காரரை அவர் விரல் காட்டியது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"பதினாறு வருஷம் என் உப்பைத் தின்னவன்."

"இந்தத் தோட்டத்துல உப்புக்கு என்ன குறைச்சல், சார்" என்றாள் குண்டூசி.

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு சட்டமிட்ட புகைப்படத்தை நீட்டினார். "ஆதாரம். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி சங்கத்தோட கவாத்து விழா. வருஷத்துக்கு ஒரு தடவை என் கையால கிளை கழிச்சுத் தொடங்கி வைப்பேன்."

படத்தில் தலைவர், வெள்ளிப் பிடி போட்ட கத்தரியோடு செடிமேல் குனிந்திருந்தார். சுற்றிலும் இருபத்திரண்டு சங்க உறுப்பினர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தோட்டக்காரர், வாய் பிளந்து, செடியை நோக்கி ஒரு கையை நீட்டியபடி.

"பாத்தீங்களா? அன்னைக்கே கை நீண்டிருக்கு!"

நிபுணர் "ஆஹா" என்றார். இந்த வழக்கில் அவர் சொன்ன முதல் தொழில்நுட்பச் சொல் அது.

"நாளைக்குக் கண்காட்சி. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உங்க அறிக்கை வேணும். அஞ்சு மணிக்கு அவன் குடும்பத்தோட குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அறிக்கையோட போலீஸுக்குப் புகார் போகும்." தலைவர் தாம் எழுதிய கையேடு ஒன்றை எடுத்து, நல்வாழ்த்துகளுடன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். "கடலோரத்தில் நறுமண ரோஜா. சங்கத்துல எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்காங்க."

அவர் உள்ளே போனதும் தேநீர் வந்தது. கொண்டுவந்தவள் சமையல் வேலை பார்க்கும் அம்மாள், தோட்டக்காரரின் மனைவி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கோப்பையை நிபுணரிடம் கொடுத்துவிட்டுக் குண்டூசியிடம் பேசினாள். யாரிடம் பேச வேண்டும் என்று பெண்களுக்குத் தெரியும்.

"அம்மா, திங்கக்கிழமை என் பொண்ணுக்குப் பரீட்சை. பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான். இன்னைக்கே கிளம்புன்னா என் அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அங்க ஒரே ரூம்மா, ஏற்கெனவே ஆறு பேரு. அவரு திருடலைன்னு மட்டும் எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"எழுதிடலாம்" என்றார் நிபுணர், விசாரணை தொடங்குவதற்கு முன்பே.

குண்டூசி அவரைப் பார்த்த பார்வையில் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

*

செடியின் அடியில் காற்றுக்கு அணைவாக மணலும் மக்கிய இலையும் குவித்து வைத்திருந்தார்கள். குண்டூசி உட்கார்ந்து ஒரு குச்சியால் அதைச் சுரண்டினாள். அடித்தண்டு தெரிந்தது, அதில் ஒரு பித்தளைப் பெயர்த்தகடு தெரிந்தது.

"அத்தான், இந்தத் தகட்டைக் கட்டின கம்பி எங்க?"

நிபுணர் குனிந்து பார்த்தார். "கம்பி இல்ல. காந்தம் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு."

"கம்பி உள்ள இருக்கு. வருஷக்கணக்கா கட்டியிருந்ததுல பட்டை வளந்து கம்பியை மூடிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா நட்ட செடியில இது எப்படி?"

"திருடன் கெட்டிக்காரன். பழைய தகட்டைக் கழட்டிப் புதுச் செடியில கட்டியிருப்பான்."

"கட்டியிருப்பான். கட்டிட்டு, பட்டை மூடற வரைக்கும் ஒரு எட்டு வருஷம் பக்கத்துலேயே உக்காந்திருந்தானா?"

நிபுணர் குறிப்பேட்டில் 'பொறுமைசாலி' என்று எழுதினார். யோசித்துவிட்டு அடித்தார்.

"செடியை யாரும் மாத்தலை, அத்தான். வேர் அதேதான். பூதான் வேற."

"அது எப்படி முடியும்?"

"எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டுல நான் கறிவேப்பிலையே பட்டுப்போக விட்டவ. அந்தப் புத்தகத்தைக் குடுங்க."

கையேட்டில் முப்பத்திரண்டு பக்கங்கள். ஒன்பதில் தலைவரின் படங்கள், நான்கில் வாழ்த்துரைகள். எட்டாம் பக்கத்துக்கு மேல் தாள்கள் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. குண்டூசி நகத்தால் பிரித்துப் பிரித்துப் படித்துக்கொண்டு போனாள். பதினாலாம் பக்கத்தில் நின்றாள். சத்தமாகப் படித்தாள்.

"'நறுமண ரோஜா தன் சொந்தக் காலில் நிற்பதில்லை. காட்டு ரோஜாவின் வேரில்தான் அதை ஒட்டுக் கட்டுகிறோம். ஒட்டுக்குக் கீழேயிருந்து சில சமயம் காட்டுக்கிளை முளைக்கும். அது மிக வலுவாக வளர்ந்து உங்களை மயக்கும். மயங்காதீர்கள். இலையை எண்ணுங்கள். நம் ரோஜாவுக்குக் காம்புக்கு ஐந்து இலை. காட்டுக்கிளைக்கு ஏழு. எண்ணத் தெரியாதவன் ரோஜா வளர்க்கக் கூடாது.'"

இருவரும் செடியைப் பார்த்தார்கள். எண்ணினார்கள். ஏழு. அடுத்த காம்பு ஏழு. நிபுணர் ஒரு காம்பில் எட்டு எண்ணினார், ஆனால் ஒன்று அவருடைய விரல்.

"சரி, முழுக்கக் காட்டுக்கிளை. அப்ப நல்ல கிளை எங்க போச்சு?"

குண்டூசி புகைப்படத்தை மடியில் வைத்தாள். "உங்க பூதக்கண்ணாடியை எடுங்க."

அந்தக் கண்ணாடி மூன்று வருடமாக நிபுணரின் பையில் இருந்தது. விசிட்டிங் கார்டில் இருந்த படத்துக்குப் பொருத்தமாக வாங்கியது. இன்றுதான் உறையை விட்டு வெளியே வந்தது. அதன் வழியே தலைவரின் ஷூ பெரிதாகத் தெரிந்தது. ஷூவுக்குப் பக்கத்தில் தரையில் வெட்டி விழுந்த மூன்று கிளைகள் கிடந்தன. காற்றில் கருகி, ஒல்லியாக, ஓரம் சுருண்டு. எண்ண முடிந்த ஒவ்வொரு காம்பிலும் ஐந்து இலை.

"அடக் கடவுளே" என்றார் நிபுணர்.

"இன்னும் இருக்கு. தோட்டக்காரர் கையைப் பாருங்க. எடுக்கப் போற கைன்னா உள்ளங்கை மேல பாக்கும், இல்ல கீழ பாக்கும். இது வெளிப்பக்கம் பாக்குது. இப்படி எங்க பாத்திருக்கீங்க?"

நிபுணர் தம் கையை அப்படி நீட்டிப் பார்த்தார். தோட்டத்துக்கு வெளியே சாலையில் போன ஒரு வண்டி நின்றது.

"அதேதான்" என்றாள் குண்டூசி. "நிறுத்தறதுக்கு நீட்டின கை."

*

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பதினொன்றரை மணிக்கு இவர்கள் போனபோது நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். டாக்டர் கையில் கொக்கி மாதிரி ஒரு கருவி.

"தலைவர் கேஸா? பாவம், பெரிய இழப்பு" என்றார் டாக்டர், அந்த வாய்க்குள் பார்த்துக்கொண்டே. "யார் திருடியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"யாரும் திருடலை" என்றார் நிபுணர். "கவாத்து விழாவுல தலைவர் தப்பான கிளையை வெட்டிட்டார். நீங்க பக்கத்துல நின்னு கை தட்டியிருக்கீங்க. கவனிக்கலையா?"

கொக்கி நின்றது. "நான் கொஞ்சம் தள்ளி நின்னேன்."

"போட்டோல அவர் தோளை இடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள் குண்டூசி.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் "ஆ, ஆ" என்று ஏதோ சொல்ல முயன்று, ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் இரண்டு விரலையும் உயர்த்திக் காட்டினார். அவரும் சங்க உறுப்பினர்.

"சும்மா இருங்க, பொருளாளரே, ஊசி போட்டிருக்கேன்" என்றார் டாக்டர். பிறகு கருவியை வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "பாருங்க, ஏழு இலை எங்க எல்லாருக்கும் தெரியும். வெட்டின அந்த நிமிஷமே தெரியும். வீட்டுக்குப் போற வழியிலேயே கார்ல பேசிச் சிரிச்சோம். போதுமா?"

"அப்புறம் ஏன் யாரும் சொல்லலை?"

"யாரு சொல்றது? அவர்தான் அந்தப் புத்தகத்தையே எழுதினவர். 'பலவீனமானதை வெட்டு, வலுவானதை வளர்த்துவிடு, அதுதான் தலைமைப் பண்பு'ன்னு பேசிக்கிட்டே வெட்டறார். நடுவுல போய், ஐயா நீங்க வெட்டறதுதான் நல்ல கிளைன்னா எப்படி இருக்கும்? முதல்ல யாராவது சொன்னா நான் ரெண்டாவதா சொல்லியிருப்பேன்."

"இப்ப சொல்லுங்க" என்றாள் குண்டூசி. "ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்கு ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகுது. பொண்ணுக்குப் பரீட்சை."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்; அதில் சந்தேகமில்லை. "அந்தத் தோட்டக்காரர் தங்கமான மனுஷர். காத்தடிச்ச நாள்ல விடியறதுக்குள்ள ஒவ்வொரு இலையா நல்ல தண்ணியில கழுவுவார், உப்பு தங்காம. இந்தக் கடற்கரையில அவர் மாதிரி ஒருத்தர் கிடையாது. அவர் இல்லாட்டி அந்தச் செடி ஒரு வருஷம் தாங்கியிருக்காது."

"அதையாவது எழுதுங்க."

"மனசுக்குள்ள நினைச்சுக்கறேன்" என்றார் டாக்டர். புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

படியிறங்கும்போது நிபுணர் கணக்குப் போட்டார். ஒரு குற்றத்துக்கு இருபத்திரண்டு கண்கண்ட சாட்சிகள். நாற்பத்துநான்கு கண்கள். அவர் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு வசதியான வழக்கு இல்லை. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதும் எந்தப் பாடத்திலும் இல்லை.

*

தோட்டக்காரரின் குவார்ட்டர்ஸ் பங்களாவுக்குப் பின்னால், கடல் பக்க மதிலை ஒட்டி இருந்தது. இரண்டு அறை. வாசலில் பாத்திரங்கள் சாக்கில் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு பெண் குரல் எதையோ விடாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

குண்டூசி ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். "அத்தான், உங்களுக்குத் தெரியுதா?"

இம்முறை நிபுணருக்கும் தெரிந்தது. குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்து. பழைய பெயின்ட் வாளி ஒன்றில், கிழிந்த கொசுவலைக்குள், முழங்கால் உயரத்தில் ஒரு செடி. ஒரே ஒரு தண்டு நீளமாக மேலே போய், அதன் நுனியில் ஒரே ஒரு மொட்டு பாதி விரிந்திருந்தது. உள்ளே வெண்ணெய் நிறம், ஓரத்தில் சிவப்பு. அந்தச் சின்னச் சந்து கொள்ளாமல் வாசனை வழிந்துகொண்டிருந்தது.

நிபுணர் தம்மை அறியாமல் இலையை எண்ணினார். ஐந்து.

"அதைத் தொடாதீங்க, சார்" என்றார் பின்னால் வந்து நின்ற தோட்டக்காரர். குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. "மொட்டு உதிர்ந்துரும்."

அவர் சொன்னது நீளமான கதையில்லை. அந்த வருடம் காற்று பலமாக அடித்தது. கடலைப் பார்த்த நல்ல கிளைகள் மூன்றும் கருகி ஒல்லியாகி நின்றன. அடியில் அணைத்த மணலுக்குள்ளிருந்து காட்டுக்கிளை பெருவிரல் தடிமனில் எழும்பியிருந்தது. விழா முடியட்டும், மறுநாள் எடுத்துவிடலாம் என்று அவர் விட்டுவைத்தார். தலைவர் கண்ணாடி போடாமல் வந்து, பேசிக்கொண்டே வெட்டினார்.

"'ஐயா, அது'ன்னு கையை நீட்டினேன். 'நான் பேசும்போது குறுக்க வராதே'ன்னார். அதுக்குள்ள மூணும் விழுந்துருச்சு. எல்லாரும் டீ குடிக்கப் போனதும் பொறுக்கி எடுத்தேன். ஈரத்துணியில சுத்தி வெச்சு, அன்னைக்கே ஏழு முளைக்கண்ணு எடுத்துக் காட்டு ரோஜா வேர்ல ஒட்டுக் கட்டினேன். ஆறு கருகிருச்சு. இது ஒண்ணுதான் பிடிச்சுது."

"இதை எடுத்துக்கிட்டு நேரா அவர்கிட்டப் போயிருக்கலாமே?" என்றாள் குண்டூசி.

"நாளைக்கு எல்லாரும் கண்காட்சிக்குப் போயிருவாங்க. அந்த நேரத்துல காட்டுச் செடியைத் தோண்டிட்டு இதை நட்டுடலாம்னு இருந்தேன். பழைய அடியிலேர்ந்து தளிர்த்துருச்சுன்னு சொல்லியிருப்பேன். அவர் மனசு நோகாது." தோட்டக்காரர் கொசுவலையைச் சரிசெய்தார். "ஒரே ஒரு நாள், அம்மா. ஒரு நாள் முந்திட்டார்."

"இப்ப உண்மையைச் சொல்லிடறோம்" என்றார் நிபுணர்.

"வேணாம், சார். திருடனைக் கூட ஐயா மன்னிச்சிருவார். தான் தப்புப் பண்ணினதைப் பாத்தவனை மன்னிக்க மாட்டார். அதோட, இந்த வாளியைக் காட்டினீங்கன்னா, செடி எங்க கிடைச்சுது? என் வீட்டுக்குப் பின்னாடி. போலீஸுக்கு அது போதும்."

நிபுணர் வாளியைப் பார்த்தார். தோட்டக்காரர் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய ஒரே பொருள் அதுதான். அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரே பொருளும் அதுதான். நிபுணர் கொசுவலையை மறுபடி மூடினார்.

*

நான்கு மணிக்கு நிபுணர் தலைவரின் அறையில் நின்று, பதினாலாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். 'எண்ணத் தெரியாதவன்' என்ற இடத்தில் அவர் உதடுகளும் சேர்ந்து அசைந்தன.

"நல்ல வரி" என்றார்.

"செடியில ஏழு இலை இருக்கு" என்றார் நிபுணர். "போட்டோல உங்க காலடியில கிடக்கற கிளையில அஞ்சு இலை இருக்கு. பெயர்த்தகட்டுக் கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சிருக்கு. யாரும் எதையும் திருடலை. உங்க ரோஜாவை வெட்டினது நீங்க."

தம் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறார். பழகியபோது எதிராளி அலறினான், அல்லது ஓடினான். தலைவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார்.

"தெரியும்" என்றார்.

குண்டூசி முன்னால் வந்தாள். "என்ன தெரியும்?"

"வெட்டின பத்தாம் நாள் தளிர் வந்துச்சு. எண்ணினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு மூணு தடவை எண்ணினேன். அந்தப் பக்கத்தை எழுதினவனே நான்தானே."

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நாளைக்கு அந்த மேடையில என் ரோஜா இருக்காது. ஏன்னு ஒரு காரணம் வேணும்."

"யாரும் கேக்க மாட்டாங்க, சார். இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். கார்ல பேசிச் சிரிச்சிருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார் தலைவர். குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது. "எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான். திருட்டுப் போச்சுன்னு ஒரு அறிக்கை இருந்தா, எல்லாரும் அதைப் பிடிச்சுக்குவாங்க. அவங்களுக்கும் அது வசதி."

நிபுணர் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார். "இந்த ஊர்ல இன்னும் ரெண்டு துப்பறியும் ஆபீஸ் இருக்கே. என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

"நாலு இடத்துல விசாரிச்சேன். இதுவரைக்கும் நீங்க எதையும் கண்டுபிடிச்சதில்லைன்னு சொன்னாங்க." தலைவர் உண்மையான மனக்குறையோடு அவரைப் பார்த்தார். "இப்படிக் கழுத்தறுப்பீங்கன்னு நான் எதிர்பாக்கலை."

மேசைமேல் இரண்டு தாள்கள், ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டு இருந்தன. ஒன்று, அடையாளம் தெரியாத நபர்கள் செடியைத் திருடியதாக நிபுணரின் அறிக்கை. இன்னொன்று, தோட்டக்காரர் பெயரைப் போட்டுப் போலீஸுக்குப் புகார்.

"அதுல நீங்க கையெழுத்துப் போட்டா, இதை நான் கிழிச்சுடறேன். காவல் காக்கத் தவறினான்னு வேலையை விட்டு மட்டும் அனுப்புவேன். நீங்க போடலைன்னா, இதுல நான் போடுவேன்."

"வேலையில வெச்சுக்க முடியாதா?" என்றார் நிபுணர். அவருக்கே அது தம் குரல் போலப் படவில்லை.

"தினமும் காலையில அவன் முகத்துல முழிக்கணுமே" என்றார் தலைவர். "முடியலை."

உங்கள் ரோஜா உயிரோடு இருக்கிறது என்ற வாக்கியம் நிபுணரின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினார். குண்டூசி பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனா" என்றார் நிபுணர்.

கையெழுத்துப் போடும்முன் தலைவர் தடுத்தார். "திருடங்க எப்படிக் கொண்டு போனாங்கன்னு ஒரு வரி குறையுது. வாசல்ல காவலாளி இருக்கான், வழியில்ல." அவர் துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவர். யோசிக்கவே இல்லை. "படகுல. கடல் வழியா. எழுதிக்குங்க."

நிபுணர் எழுதினார். கடல் வழியாக. கீழே கையெழுத்துப் போட்டார். தலைவர் புகாரை இரண்டாகக் கிழித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

*

ஐந்து மணிக்கு ஒரு சின்ன வேன் வந்தது. கட்டில், இரண்டு பெட்டி, சாக்கு மூட்டைகள், ஒரு தையல் மெஷின். நிபுணர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். குண்டூசி வேனில் ஏறி மின்விசிறியை மடியில் வாங்கிக்கொண்டாள். பெண் பாடப் புத்தகத்தை விரித்தபடியே ஏறி உட்கார்ந்தாள். கடைசியாகத் தோட்டக்காரர், கொசுவலை போர்த்திய வாளியை இரு கையாலும் அணைத்து எடுத்து வந்தார். மொட்டு முழுதாக விரிந்துவிட்டிருந்தது.

வேன் பங்களாவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தது. அந்த நேரத்துக்குக் கடல் காற்று கரைப் பக்கம் திரும்பியிருந்தது.

வராந்தாவில் நாற்காலியில் இருந்த தலைவர் திடுக்கிட்டு எழுந்தார். முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. மூக்கு விரிந்தது. அவர் கண் வேனைத் தேடிப் போய், மூட்டைகளைத் தாண்டி, கொசுவலையில் நின்றது. தோட்டக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாளியை இறக்கி வைத்திருப்பார்.

தலைவர் இரண்டு படி இறங்கினார். கை பாதிவரை உயர்ந்தது. வாயும் திறந்தது.

அவருடைய ரோஜா அரை மணி நேரத்துக்கு முன்புதான் படகில் ஏறிக் கடலுக்குள் போயிருந்தது. அறிக்கை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

வேன் வாசலைத் தாண்டித் திரும்பியது. கொஞ்ச நேரம் வாசனை மட்டும் சாலையில் நின்றது. பிறகு காற்று அதையும் கொண்டுபோனது. தலைவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் தண்ணி ஊத்தணுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா?" என்று படியருகே வந்து நின்ற நிபுணரைக் கேட்டார். வெள்ளைப் பூச்செடியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

நிபுணருக்குத் தெரியவில்லை.

மறுநாள் கண்காட்சி மண்டபத்தில் தலைவர் அந்த அறிக்கையை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படகு வந்த இடத்தில் பல் டாக்டர் உச்சுக் கொட்டினார். பொருளாளர் வீங்கிய கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். முன்வரிசையில் நிபுணருக்கு ஒரு நாற்காலி, குண்டூசிக்கு ஒரு நாற்காலி. குண்டூசி வரவில்லை. படித்து முடித்ததும், உண்மையைக் கண்டறிந்த நிபுணர் எழுந்து நிற்க வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். இருபத்திரண்டு பேரும் கைதட்டினார்கள்.

நிபுணர் எழுந்து நின்று, இரண்டு முறை குனிந்து வணக்கம் சொன்னார்.